பச்சைக் கறியா, பாக்கெட் தீனியா? நம் ஊர் நாய்க்கு எது சரிப்படும்

எங்கள் தெருமுனைக் கோழிக்கடைக்குக் காலை ஏழு மணிக்குப் போனால் இரண்டு விதமான ஆட்கள் நிற்பார்கள். வீட்டுச் சமையலுக்கு வாங்குகிறவர்கள், நாய்க்கு வாங்குகிறவர்கள். நாய்க்கு என்று சொன்னால் போதும், கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கால், கழுத்து, தலை, தோல் எல்லாவற்றையும் ஒரு கறுப்புப் பையில் அள்ளிப் போட்டு எடை போட்டுவிடுவார். வீட்டுக்குப் போய் அதைக் குருணை அரிசியோடு கொஞ்சம் மஞ்சள்தூள் போட்டு வேகவைத்து நாய்க்கு வைப்பார்கள். பல வருடமாக இதுதான் பழக்கம். போன வருடம் அதே கடையில், புதிதாக லாப்ரடார் வாங்கிய தம்பி ஒருவர் என்னிடம் சொன்னார்: "அண்ணே, வேகவைக்கவே கூடாதாம், பச்சையாத்தான் போடணுமாம். நாய் ஓநாய் வம்சம்தானே? பாக்கெட் தீனிதான் எல்லா நோய்க்கும் காரணம்னு வீடியோல சொல்றாங்க."

கையில் பையோடு நின்றுகொண்டு அதற்கு முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: நம் ஊர்க் கறிக்கடை, நம் ஊர் வெயில், நம் வீடுகள் இருக்கிற விதம், இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் வீட்டு நாய்க்குப் பச்சைக் கறி வேண்டாம். நல்ல உலர் உணவு போடலாம், கணக்குப் பார்த்து வேகவைத்த சாப்பாடும் போடலாம். பச்சைக் கறிக்காரர்கள் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் நினைக்கவில்லை, கொஞ்சம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

முதலில் அந்த ஓநாய் விஷயம். நாய் ஓநாயிலிருந்து வந்தது என்பது சரிதான். ஆனால் வந்த வழியில் அதன் வயிறு மாறியிருக்கிறது. ஸ்வீடனில் உள்ள உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில் 12 ஓநாய்களின் மரபணுவையும் 14 இனங்களைச் சேர்ந்த 60 நாய்களின் மரபணுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ் என்ற நொதியைக் கணையத்தில் சுரக்க வைக்கும் ஒரு மரபணு ஓநாய்க்கு இரண்டே பிரதிகள்தான் இருந்தது, நாய்களுக்கு 4 முதல் 30 வரை இருந்தது. மனிதன் பயிர் வைக்கத் தொடங்கிய பிறகு அவன் வாசலில் கிடந்த மிச்ச சோற்றைச் சாப்பிட்டுப் பிழைத்த நாய்தான் நம் வீட்டு நாய். கம்மங்கூழும் சோளக்கூழும் ஊற்றியே நம் ஊர் வேட்டை நாய்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள், அவை முயல் துரத்தாமல் இல்லை. (ஹஸ்கி, ஆஸ்திரேலியாவின் டிங்கோ மாதிரி விவசாயத்தை ஒட்டி வாழாத நாய்களுக்கு இந்தப் பிரதிகள் குறைவு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் ஹஸ்கியைச் சென்னை வெயிலில் வளர்ப்பதில் எனக்குச் சாப்பாட்டைவிடப் பெரிய கவலைகள் இருக்கின்றன.) ஆக, சோறு, தானியம் எல்லாம் நாய்க்கு விஷம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்து, பாக்கெட் தீனி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நம் ஊரில் எந்தக் கம்பெனி உலர் உணவு போட்டாலும் "பெடிகிரி போடுறேன்" என்றுதான் சொல்வார்கள், அந்த அளவுக்கு ஒரு பெயரே பொருளுக்குப் பெயராகிவிட்டது. ஆனால் இதன் கதை 1860 வாக்கில் லண்டனில் தொடங்குகிறது. ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், கப்பல் மாலுமிகள் சாப்பிடும் கெட்டி பிஸ்கட்டை நாய்கள் தின்பதைத் துறைமுகத்தில் பார்த்துவிட்டு, கோதுமை, காய்கறி, மாட்டிறைச்சி எல்லாம் சேர்த்து நாய் பிஸ்கட் செய்து விற்றார் என்று சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகு டப்பாவில் அடைத்த இறைச்சி வந்தது. இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்தவுடன் மறுபடி உலர் உணவுக்கே திரும்பினார்கள். இன்று நாம் பார்க்கிற மொறுமொறு உருண்டை 1950களில் வந்தது. அமெரிக்காவின் பியூரினா நிறுவனம், காலைச் சிற்றுண்டி தானியம் செய்கிற எந்திரத்திலேயே நாய் உணவையும் செய்து பார்த்து 1957இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. மாவையும் இறைச்சித் தூளையும் பிசைந்து நீராவிச் சூட்டில் அழுத்தி ஒரு துவாரம் வழியாகத் தள்ளுவார்கள், வெளியே வந்ததும் பொரி மாதிரி உப்பிவிடும். மாவுச்சத்து இல்லாவிட்டால் அந்த உருவமே நிற்காது. உலர் உணவில் அரிசியோ மக்காச்சோளமோ கிழங்கோ பருப்போ ஏதோ ஒன்று கட்டாயம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம் மேலே கொழுப்பைத் தெளிப்பார்கள், நாய் ஆசையாகச் சாப்பிடுவது அந்த வாசனைக்காகத்தான். சூட்டில் போகிற வைட்டமின்களையும் கணக்குப் பண்ணிச் சேர்த்துவிடுவார்கள்.

பச்சைக் கறிப் பிரச்சாரம் வயதில் இதைவிட இளையது. இயான் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் 1993இல் எழுதிய புத்தகத்திலிருந்து அது வேகம் பிடித்தது. எலும்போடு பச்சை இறைச்சி, உறுப்புகள், கொஞ்சம் காய்கறி என்பது அவருடைய வழி. இதற்கு ஆதரவாக என்ன இருக்கிறது? பச்சை இறைச்சி நாய்க்கு நன்றாகச் செரிக்கிறது, மலம் அளவில் குறைவாகவும் கெட்டியாகவும் வருகிறது, இது ஆய்வுகளிலும் தெரிகிறது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகக் குழு ஒன்று, குட்டியாக இருக்கும்போது பதப்படுத்தாத இறைச்சி சாப்பிட்ட நாய்களுக்குப் பிற்காலத்தில் தோல் ஒவ்வாமையும் குடல் உபாதையும் குறைவாக இருந்ததாக எழுதியிருக்கிறது. அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அவை நாய் வளர்ப்பவர்கள் கேள்வித்தாளில் எழுதிக் கொடுத்த பதில்களை வைத்துச் செய்தவை. பச்சைக் கறி போடுகிற வீட்டில் நாயை வேறு பல விதத்திலும் அக்கறையாகப் பார்ப்பார்கள், அதை உணவிலிருந்து பிரித்துச் சொல்வது கஷ்டம். ரோமம் பளபளப்பது பெரும்பாலும் கொழுப்பு கூடுவதால் வருவது, வேகவைத்த மீனிலும் அது வரும்.

சரி, பிரச்சினை எங்கே? கிருமியில்.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2010-12இல் கடைகளில் விற்கும் செல்லப்பிராணி உணவுகளை வாங்கிச் சோதித்தது. பச்சை உணவு மாதிரிகள் 196. அதில் 15இல் சால்மொனெல்லா இருந்தது, 32இல் லிஸ்டீரியா இருந்தது, இரண்டுமே மனிதருக்கும் நோய் தருகிற பாக்டீரியாக்கள். 2018இல் நெதர்லாந்தில் உறைய வைத்து விற்கும் 35 பச்சை நாய் உணவுகளைச் சோதித்ததில் 28இல், அதாவது ஐந்தில் நான்கில், ஆன்டிபயாடிக் மருந்துகளை எதிர்த்து நிற்கும் ஒரு வகை ஈ-கோலை இருந்தது. இவை ஃபிரீசரில் வைத்து, சீல் போட்டு, அந்த நாட்டு விதிகளுக்கு உட்பட்டு விற்கிற பொருள்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நம் கோழிக்கடையை நினைத்துப் பாருங்கள். கோழியைக் கண் முன்னால் அறுப்பதால் 'ஃப்ரெஷ்' என்கிறோம். ஆனால் சால்மொனெல்லாவும் கேம்பிலோபாக்டர் என்ற இன்னொரு பாக்டீரியாவும் கோழியின் குடலிலேயே இருக்கிறவை. அறுத்த கோழிகளை ஒரே வெந்நீரில் முக்கி, இறகு பறிக்கும் ஒரே டிரம்மில் சுற்றும்போது ஒரு கோழியின் எச்சம் பத்துக் கோழிமேல் படுகிறது. நாய்க்கு என்று கொடுக்கிற கால், கழுத்து, தலைப் பை கீழே ஒரு ஓரத்தில், மே மாத வெயிலில், ஈ மொய்க்க எவ்வளவு நேரம் கிடந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. அப்போது அறுத்தது என்பதால் கிருமி இல்லை என்று ஆகிவிடாது. கோழிப்பண்ணைகளில் ஆன்டிபயாடிக் பழக்கம் எவ்வளவு மோசமாக இருந்தது என்றால், மனிதர்களுக்குக் கடைசி அஸ்திரமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் மருந்தைப் பண்ணை விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய அரசு 2019இல் தடையே போட வேண்டியிருந்தது.

"நாய் வயித்துல அமிலம் அதிகம், அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்பார்கள். பல நாய்களுக்கு ஒன்றும் ஆகாமல் போவது உண்மைதான், அதுதான் ஆபத்தும்கூட. கனடாவில் 2002இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் பச்சைக் கோழி சாப்பிட்ட 10 நாய்களின் உணவில் 8 மாதிரிகளில் சால்மொனெல்லா இருந்தது, 3 நாய்களின் மலத்திலும் வெளியே வந்துகொண்டிருந்தது. நாய் துள்ளிக்கொண்டுதான் இருக்கும், அதே வாயால் குழந்தையின் முகத்தை நக்கும். நம் வீடுகளில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், தரையில் பாய் போட்டுப் படுக்கிறோம், தவழும் குழந்தை அதே தரையில் கையை வைத்து வாயில் வைக்கும். வீட்டில் கர்ப்பிணியோ, புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவரோ, வயதான பாட்டியோ இருந்தால் இதில் யோசிக்கவே இடமில்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இலேயே நாய், பூனைகளுக்குப் பச்சை இறைச்சி கொடுப்பதைத் தவிர்க்கச் சொன்னதும் நாய்க்கும் மனிதருக்கும் வரக்கூடிய ஆபத்தை வைத்துத்தான்.

நாய்க்குமே எப்போதும் ஒன்றும் ஆகாது என்றில்லை. மெல்போர்ன் பல்கலைக்கழகம் 2018இல் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது. பின்னங்காலில் தொடங்கி நான்கு கால்களும் திடீரென்று செயலிழந்து போகிற ஒரு நரம்பு நோய்க்கும் பச்சைக் கோழிக் கழுத்து தின்பதற்கும் தொடர்பு இருந்தது. நோய் வந்த நாய்களில் கேம்பிலோபாக்டர் இருக்கும் வாய்ப்பு மற்ற நாய்களைவிட 9.4 மடங்கு அதிகம். பெரும்பாலான நாய்கள் மெல்லத் தேறிவிடும், ஆனால் வாரக்கணக்கில், சிலது மாதக்கணக்கில், படுத்த படுக்கையாகக் கிடக்கும்.

ஆட்டுக்கறிக்காரர்கள் "நாங்க கோழி போடுறதில்லையே" என்று நினைக்கலாம். உங்களுக்குத்தான் இது. ஆட்டு ஈரலிலும் நுரையீரலிலும் சில நேரம் தண்ணீர் நிரம்பிய வெள்ளைக் கட்டிகள் இருக்கும், கடைக்காரர் வெட்டித் தூர எறிவார், தெருநாய் கவ்விக்கொண்டு போகும். அந்தக் கட்டிக்குள் இருப்பது ஒரு நாடாப்புழுவின் இளம் பருவம். நாயின் குடலில் அது புழுவாக வளர்ந்து முட்டையிடும், முட்டை மலத்தோடு வெளியே வரும், நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சாப்பிட்டால் நம் ஈரலில் அதே கட்டி வருடக்கணக்கில் வளரும். அறுவை சிகிச்சை வரை போகிற நோய் இது. கொதிக்க வேகவைத்தால் கட்டியில் இருக்கும் புழு செத்துவிடும், அவ்வளவு எளிதான தடுப்பு. நன்றாக உறைய வைத்தாலும் இந்த மாதிரி ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் சாகும், ஆனால் பாக்டீரியா சாகாது, ஃபிரீசரில் தூங்கும். வெளியே எடுத்ததும் எழுந்துகொள்ளும்.

கிருமியைக்கூடப் பேசுகிறார்கள், கால்சியத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இது பட்டுத் தெரிந்தது.

எட்டு வருடத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் வாசலில் ஒதுங்கிய நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வளர்த்தோம். பெயர் மணி. இரண்டு மாதக் குட்டி, எலும்பும் தோலுமாக இருந்தது. சத்தாகக் கொடுக்க வேண்டும் என்று எலும்பில்லாத கோழிக்கறியும் ஈரலும்தான் கொடுத்தோம், சோறு கொஞ்சம்தான், தொண்டையில் குத்தும் என்று எலும்பு கொடுக்கவே இல்லை. நன்றாகச் சதை வைத்தது. நான்காவது மாதம் படி ஏறும்போது கத்தியது. முன்னங்கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டன. எக்ஸ்ரேயில் எலும்பு மங்கலாக, சதைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாத மாதிரி இருந்தது. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே "வெறும் கறியா போடுறீங்க?" என்பதுதான்.

அவர் விளக்கியது இது. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ஏறக்குறைய இல்லை. ஒன்றுக்கு இருபது என்கிற மாதிரி இருக்கும். நாய்க்கு வேண்டியதோ கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ. ரத்தத்தில் கால்சியம் குறைந்ததும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து உருவி எடுத்து ரத்தத்தில் போடுகிறது. அப்படித்தான் வளர்கிற எலும்பு மெத்தென்று ஆகி வளைகிறது. கணக்காகவே சொன்னால், அமெரிக்கத் தீவன அளவுகோலின்படி 1000 கலோரிக்கு வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 1.25 கிராம் கால்சியம் வேண்டும், குட்டிக்கு 3 கிராம். அதே 1000 கலோரியைத் தோலில்லாத கோழிக்கறியாகவே கொடுத்தால், முக்கால் கிலோவுக்கு மேல் போட்டும் 100 மில்லிகிராம்கூடத் தேறாது. மணிக்குக் குட்டிகளுக்கான உலர் உணவு, ஓட்டமில்லாத ஓய்வு என்று இரண்டு மாதத்தில் வலி போய்விட்டது. கால் வளைவு கொஞ்சம் அப்படியே நின்றுவிட்டது, இன்றும் அது நடக்கும்போது எனக்குத் தெரியும்.

எலும்போடு போட்டால் கால்சியம் கிடைக்குமே என்று பச்சைக் கறிக்காரர்கள் சொல்வார்கள், அது சரியான பதில். ஆனால் எவ்வளவு எலும்புக்கு எவ்வளவு கறி என்பதை யாரும் தராசில் வைப்பதில்லை, கெட்டியான மாட்டெலும்பைக் கடித்துக் கடைவாய்ப்பல் பிளந்த நாய்களும் உண்டு. சமைத்த எலும்பு இன்னும் மோசம், ஊசி ஊசியாக உடையும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பை நாய்க்கு வைக்கவே வைக்காதீர்கள்.

உலர் உணவு இந்தக் கணக்கையெல்லாம் நமக்காகப் பார்த்துவிடுகிறது, அதன் பெரிய பலம் அதுதான். பாக்கெட்டில் 'முழுமையான உணவு' என்று இருக்கிறதா, எந்த வயதுக்கு என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். புரதத்தைப் பார்க்கும்போது ஒரு சின்ன ஏமாற்றம் வரும்: பாக்கெட்டில் 24 சதவீதம், கறியிலும் 20 சதவீதம்தானே, இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். கறியில் முக்கால்வாசி தண்ணீர், உலர் உணவில் பத்து சதவீதம்தான். தண்ணீரைக் கழித்தால் கறி 80, உலர் உணவு 27 பக்கம் வரும். இரண்டும் நாயின் தேவைக்கு மேல்தான் இருக்கின்றன. முழுமையான உணவு போடும்போது கூடவே கால்சியம் டானிக் ஊற்றுகிற பழக்கம் நம் ஊரில் ரொம்ப இருக்கிறது, தயவுசெய்து நிறுத்துங்கள். ராஜபாளையம், கிரேட் டேன் மாதிரிப் பெரிய இனக் குட்டிகளுக்கு கால்சியம் கூடிப்போனாலும் எலும்பு கோணும்.

இதற்காகப் பாக்கெட்டில் வருவதெல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வரும், எந்திரத்தின் சூட்டில் அது முழுசாக அழியாது, நாயின் ஈரலை அடித்துவிடும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் உலர் உணவில் இது கலந்து அடுத்த மாதத்துக்குள் 110க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் புகார்கள் பதிவாகின. 2012இல் உலர் உணவில் வந்த சால்மொனெல்லாவால் அமெரிக்காவிலும் கனடாவிலும் 49 பேருக்கு நோய் வந்தது. அங்கே பாக்கெட்டில் தொகுதி எண் இருந்தது, அதை வைத்துத் திரும்பப் பெற முடிந்தது. நம் ஊரில் சில கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து லூஸாக எடை போட்டுக் கொடுப்பார்கள். அதில் தேதியும் இல்லை, எண்ணும் இல்லை, மேலே தெளித்த கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கியிருக்கும், மழைக்காலத்தில் ஈரம் வேறு. விலை குறைவு என்றாலும் வாங்காதீர்கள். ஒரு மாதத்துக்குள் தீர்கிற பையாக வாங்கி, அதே பையில் வாயை இறுக்கி மூடி வையுங்கள். நாய் திடீரென்று சாப்பிட மறுத்து, வாந்தி எடுத்து, கண்ணும் ஈறும் மஞ்சளாகத் தெரிந்தால் அந்தப் பையை எறியாமல் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

அப்புறம் வேகவைத்த சாப்பாடு. பெரும்பாலான வீடுகளுக்கு நடைமுறையில் ஒத்துவருவது இதுதான், ஆனால் இதிலும் கணக்கு வேண்டும். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2013இல் வீட்டில் சமைக்கும் நாய் உணவுக் குறிப்புகள் 200ஐ எடுத்துப் பார்த்தபோது 190இல் ஏதோ ஒரு முக்கியச் சத்தாவது குறைவாக இருந்தது. நம் கோழிச்சோற்றிலும் தயிர்சாதத்திலும் கால்சியம் தவிர துத்தநாகம், வைட்டமின் டி, வைட்டமின் ஈ எல்லாம் இடிக்கும். வளர்ந்த நாய்க்கு எலும்பில்லாத கறி அரைக் கிலோவுக்கு, கழுவிக் காயவைத்து மாவாகப் பொடித்த முட்டை ஓடு அரை டீஸ்பூன் சேர்த்தால் கிட்டத்தட்ட 1 கிராம் கால்சியம் வந்துவிடும். ஈரல் வாரத்தில் ஓரிரு நாள் கொஞ்சம் போதும், தினமும் போட்டால் வைட்டமின் ஏ கூடிப்போகும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும், ஆகவே நம் குழம்பை ஊற்றாமல் தனியாக வேகவைக்க வேண்டும். மற்ற சத்துகளுக்கு டாக்டரிடம் ஒரு கலவைப் பொடி எழுதி வாங்குங்கள். குட்டிகளுக்கு மட்டும் இந்தச் சமையல் பரிசோதனை வேண்டாம், ஒரு வயது வரை குட்டி உணவே கொடுங்கள், பெரிய இனமாக இருந்தால் ஒன்றரை வயது வரை.

எதைப் போட்டாலும் அளவு முக்கியம். பியூரினா நிறுவனமே நடத்திய ஆய்வு ஒன்றில் 48 லாப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக அதே உணவைக் கொடுத்து வாழ்நாள் முழுக்கப் பார்த்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக 13 வருடம் இருந்தன, மற்றவை 11.2. உணவு விற்கிற கம்பெனியே குறைத்துப் போடச் சொல்லும் முடிவு இது என்பதால் நான் நம்புகிறேன். கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 630 கலோரி போதும். உலர் உணவாக அது 175 கிராம் பக்கம், இரண்டு வேளைக்கும் சேர்த்து. டம்ளரில் அள்ளிக் கொட்டாமல் ஒரு தடவை தராசில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு குறைவு என்று ஆச்சரியப்படுவீர்கள். விலா எலும்பைத் தடவினால் கையில் தட்டுப்பட வேண்டும்.

மணிக்கு இப்போது காலையில் எடை போட்ட உலர் உணவு, சாயங்காலம் வேகவைத்த கோழியும் பூசணியும் சோறும், ஓட்டுப்பொடியோடு. இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் செரிக்காது என்பார்கள், இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அப்படி ஆனதில்லை. அந்த லாப்ரடார் தம்பியை அதே கடையில் போன மாதம் பார்த்தேன். அவர் வீட்டில் இப்போது எட்டு மாதக் கைக்குழந்தை தவழ ஆரம்பித்திருக்கிறது. கறுப்புப் பையை நீட்டிக் காட்டி, "குக்கர்ல போட்டுட்டுத்தான்ணே வைக்கிறேன்" என்றார். எத்தனை விசில் என்று கேட்டேன். அஞ்சு என்றார். கழுத்தெலும்பு விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும், இல்லையென்றால் கறியை மட்டும் பிய்த்து வை, எலும்பைத் தூக்கிப் போட்டுவிடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.